சொந்த ஒளிபரப்பு: ஆசையும் கணக்கும்

ஆலயத் திருவிழாக்களும் பள்ளிவாசல் பிரசங்கங்களும் பாடசாலை விழாக்களும் இன்று இணையத்தின் வழியே கடல்கடந்தும் சென்றடைகின்றன. கொவிட் தொற்றுக் காரணமாக 2020 இல் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டிருந்த வேளையில் பலருக்கு இதுவே ஆறுதலாக அமைந்தது. ஆயினும், இவற்றிற் பெரும்பாலானவை யூரியூப், பேஸ்புக் போன்ற அந்நியத் தளங்களின் தயவிலேயே நடைபெறுகின்றன. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களையடுத்து 2019 ஏப்ரலிலும், மீண்டும் 2022 ஏப்ரலிலும் அத்தளங்கள் நாட்டில் தற்காலிகமாக முடக்கப்பட்டன. அவற்றை மட்டும் நம்பியிருந்தோரின் ஒளிபரப்புக் கதவும் அத்துடன் அடைபட்டது.

எனவே, சொந்தமாக ஒரு வழங்கியை அமைத்துக்கொள்ளும் எண்ணம் நியாயமானதே. மென்பொருளுக்குப் பணம் செலுத்த வேண்டியதுமில்லை. கெமராவின் காட்சியை ஓபிஎஸ் ஸ்ரூடியோ சுருக்கி அனுப்பும். ஓன்காஸ்ட், பியர்ரியூப் போன்ற இலவச வழங்கி மென்பொருள்கள் அதனைப் பெற்று, சில செக்கன்கள் நீளமான துண்டுகளாக்கிப் பார்வையாளரின் கைத்தொலைபேசிக்கு வழங்கும்.

நிறுவுவது எளிது, நடத்துவதே கடினம். தொலைக்காட்சி அலைகளை எத்தனை வீடுகள் பெற்றாலும் நிலையத்தின் செலவு கூடுவதில்லை. இணையத்திலோ ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்பட வேண்டும். ஒருவருக்குச் செக்கனுக்கு 2 மெகாபிட் தேவையெனின், 100 பேருக்கு 200 மெகாபிட் வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 90 கிகாபைட் தரவு வெளியேறும். சாதாரண வீட்டு இணைப்பு இதனைத் தாங்காது. தரவு நிலையமொன்றில் வழங்கியை வாடகைக்குப் பெறுவதே உகந்தது. பிரசங்கத்துக்கும் பண்ணிசைக்கும் ஒலி மட்டும் போதுமெனின், ஐஸ்காஸ்ட் மென்பொருள் மூலம் 64 கிலோபிட்டில் அனுப்பலாம். ஒருவர் காணொளி பார்க்கச் செலவாகும் கொள்ளளவில் ஏறத்தாழ 30 பேர் கேட்கலாம்.

பாதுகாப்பும் முக்கியமானது. ஒளிபரப்புக்குரிய இரகசியக் குறியீடு வெளியார் கையிற் சிக்கினால், ஒரு சமய நிறுவனத்தின் பெயரில் எவரும் எதனையும் ஒளிபரப்பிவிடலாம். இன, மத உணர்வுகள் இலகுவில் தூண்டப்படும் நம் நாட்டில் இதன் விபரீதத்தை விளக்கத் தேவையில்லை. குறியீட்டைப் பொறுப்பானவரிடம் ஒப்படைப்பதும், மென்பொருளை உரிய காலத்திற் புதுப்பிப்பதும் தவிர்க்க முடியாத கடமைகளாகும்.

பெருந்தளங்களைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அவற்றோடு சொந்த வழியொன்றும் இருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. தனித்துச் சுமக்க முடியாத செலவை, ஒரு பிரதேசத்தின் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம். அதுவரை, பதிவுகளின் மூலப்பிரதிகளையாவது நம் கைவசம் பேணிக்கொள்வோமாக.