மெலிவிசையும் பனிப்பருவமும்

தேவாலயப் பாடகர் குழுவில் நால்வகைக் குரல்கள் உண்டு. அவற்றுள் தாழ்ந்தொலிக்கும் 'பேஸ்' குரல் பெரும்பாலும் மெட்டினைப் பாடுவதன்று. பிற குரல்களைத் தாங்கி நிற்பது. ஜாஸ் என்னும் மேனாட்டிசையில் இத்தொண்டினைப் புரிவது 'டபுள் பேஸ்' என்னும் பெரிய நரம்புக் கருவியாம். தாங்குவதற்குப் பிறர் எவருமின்றி அக்கருவி ஒன்றே இசைக்குமாயின் யாது விளையும் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆளுயரமுள்ள இக்கருவியை விரலாற் சுண்டியும் வில்லால் இழைத்தும் இசைப்பர். இதன் நான்கு நரம்புகளும் ஒன்றற்கொன்று நான்காம் சுரமாக, பழந்தமிழ் இசைநூலார் 'நட்பு' என்ற முறையில் அமைந்தவை. மிகத் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிரும். வலிவு, சமன், மெலிவு என்னும் மூவகை இயக்கத்துள் இதற்கு இயல்பாவது மெலிவே.

1968ஆம் ஆண்டில் பார் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கர், இலண்டன் மாநகரத் தேவாலயம் ஒன்றில் தனியே இக்கருவியை இசைத்துப் பதிவு செய்தார். இத்துறையில் முதன்மையான இசைத்தட்டாக அதனைப் போற்றுவர். பின்னர் 1977இல் ஆங்கிலேயராகிய டேவ் ஹாலந்து, நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் 'எமரால்டு டியர்ஸ்', அஃதாவது 'மரகதக் கண்ணீர்', என்னும் தட்டினைப் பதிவு செய்தார். அதனை வெளியிட்டது, மியூனிக் நகரில் 1969இல் தோன்றிய ஈ.சி.எம். நிறுவனம். அதன் நிறுவனர் மான்பிரட் ஐக்கரும் இக்கருவி பயின்றவரே.

அத்தட்டிலுள்ள ஓர் இசையின் பெயர் 'ஃப்ளரீஸ்'. காற்றிற் சுழலும் பனித்தூவலைக் குறிக்கும் சொல் அது. ஆயினும் தட்டுப் பதிவானதோ ஆகஸ்டு மாதத்தில், அந்நாட்டு வேனிற்காலத்தில்! ஆகவே அதிற் கேட்கும் குளிர்ச்சி வானிலை தந்ததன்று, ஒலியமைப்பே தந்தது. சுண்டிய ஒலி சிறிது நேரம் நின்று தேய்கின்றது. அவ்விடைவெளியை நிரப்பப் பியானோவும் இல்லை, முழவும் இல்லை. விரல் நரம்பில் உரசும் ஓசையும் செவிக்குப் புலனாகின்றது. அவ்வெறுமையே கேட்போர் உள்ளத்திற் பனியாகப் படிகின்றது.

உறைபனி காணாத திருச்செங்கோட்டார்க்கு இவ்வுணர்வு அயலானதோ எனின், அன்று. முன்பனி, பின்பனி என இரு பருவம் வகுத்தவர் தமிழர். அவற்றுள் பின்பனியைப் பிரிவுக்குரிய பாலைத்திணைக்கும் உரித்தாக்கினார் தொல்காப்பியர். பனியும் தனிமையும் ஒருங்கு செல்லுதலை அவர் நன்கு அறிந்திருந்தார்.

தாங்கும் குரலுக்கும் தனக்கென உரைக்கத்தக்க பொருள் உண்டு என்பதனை இத்தனியிசை உணர்த்துகின்றது. அன்பர்களே, அடுத்த முறை பாடகர் குழுவின் பாட்டினைக் கேட்குங்கால், மெட்டினை விடுத்து அத்தாழ்ந்த குரலுக்குச் சிறிது செவி கொடுமின்!