புதிய குழுவைச் சேர்ப்பது எவ்வாறு?

மாணவ நேயர்களே, விளையாட்டுப் பந்தயத் தொடர் ஒன்று விரிவடையும்போது எக்குழுவைப் புதிதாகச் சேர்ப்பது?

சேர்த்தல் என்பதன் பொருளை யான் என் ஊரின் வரலாற்றிலிருந்தே அறிந்தேன். பள்ளிப்பட்டு முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் தகராற்றைத் தீர்க்க வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாக வைத்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று எங்கள் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மனக்குறை உற்றோர் இருந்தனர். எனினும் அளவுகோல் யாது என்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

கால்பந்தாட்டத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2014இல் எட்டுக் குழுக்களோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், 2017இல் பெங்களூரையும் ஜாம்ஷெட்பூரையும் சேர்த்துப் பத்தாயிற்று. அவை இரண்டும் கட்டணம் செலுத்த முன்வந்து, விண்ணப்பித்து இடம் பெற்றவை. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி குழுவோ, 2018-19இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றும் மேலே செல்ல இயலவில்லை. வென்றோரை உயர்த்தும் விதி அன்று இல்லை. பின்னர் அவ்விதி வந்தது. 2023இல் பஞ்சாப் குழுவும், 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் பட்டம் வென்றே உயர்ந்தன.

மைதானத்துக்கும் பயணத்துக்கும் பொருள் வேண்டும் என்பது மெய்யே. ஆதலின் பொருள்வலிமையைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கலாம். இடத்தைத் தீர்மானிப்பது ஆட்டத்திறனாகவே இருத்தல் வேண்டும். உங்கள் கல்லூரிப் பந்தயத்தில் புதிய கல்லூரியைச் சேர்க்கும் நாளிலும், பெயர்களைப் பேசுமுன் விதியை எழுதிவிடுங்கள்.