கட்டணமில்லாக் கல்லூரியில் இடம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரியை 1855-இல் தொடங்கியவர், அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர். ஏறத்தாழ 1,500 பேர் படிக்கும் இந்தக் கிறிஸ்தவக் கல்லூரி எந்தச் சபையையும் சார்ந்ததல்ல. கல்விக் கட்டணமும் கிடையாது. வசதி குறைந்தவர்களுக்கான கல்லூரி இது; அதனால் விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு குடும்ப வருமானக் கணக்கையும் காட்ட வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தாலும் இடம் கிடைப்பது அரிது; மற்ற இடங்களில் நடப்பதற்கு நேர்மாறு! அப்பலாச்சிய மலைப்பகுதி மாணவர்களுக்கே முன்னுரிமை. சேர்ந்தபின் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை பார்த்தாக வேண்டும். துடைப்பம் கட்டலாம், தறியில் நெய்யலாம், அலுவலகத்தில் உட்காரலாம். அதற்குச் சம்பளம் உண்டு. தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு தனி. விண்ணப்பிப்போர் முதலில் எடுத்துவைக்க வேண்டியது பெற்றோரின் வருமான விவரத்தைத்தான்.