செல்போனுக்கு ஒரு பாட்டி!

வாலாஜாபாத் சாலையில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பூட்டும் செல்போனுக்கு ஒரு பாட்டி உண்டு, தெரியுமா? 1981-ல் பிறந்த 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்! அதைச் செய்த ஏகார்ன் கம்பெனி 1985-ல் உருவாக்கிய 'ஆர்ம்' சில்லின் வம்சம்தான் இன்றைய செல்போனின் மூளை.

பாட்டிக்கு ஞாபகசக்தி 32 கிலோபைட்தான். டெலிவிஷனே திரை, பாட்டுக் கேட்கும் காஸெட்டே நோட்டுப் புத்தகம். 1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தாள். இன்று அவளைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி ஓட்டி மகிழும் ரசிகர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

உங்கள் பள்ளி ஸ்டோர் அறையில் சிவப்புப் பொத்தான் வரிசையோடு ஒரு வெளிர்நிறப் பெட்டி கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அம்மா! ஆசையில் ஸ்விட்சையும் தட்டிவிடாதீர்கள். கிழட்டுக் கன்டென்சர் படாரென்று வெடித்துப் புகை கக்கும். ரிப்பேர்காரரிடம் முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் பாட்டி தானே குரல் கொடுப்பாள், 'பீப்' என்று!