மலைச்சாலையில் இரட்டை டர்போ கார்: விலை மலிவாகலாம், பராமரிப்பு மலிவாகாது

கேமரன் மலை: தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமானது. இடைவிடாத வளைவுகளும் ஏற்றமும் கொண்ட இந்தச் சாலையில், ஒரு வாகனத்தின் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது விரைவில் தெரிந்துவிடும்.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குச் சென்ற இளைஞர்கள் பலருக்கு, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா போன்ற இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் கார்கள் பெருங்கனவு. பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டுப் பழைய கார் ஒன்றை வாங்குவதற்கு முன், அந்த இயந்திரம் என்ன கேட்கும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டர்போ என்ன செய்கிறது?

இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்; சக்தியும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

மலைக்கும் டர்போவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், சான்ஃபோர்ட் மோஸ் என்ற பொறியாளர் டர்போ பொருத்திய விமான இயந்திரத்தைச் சோதித்தார். காற்று மெலிந்த இடத்திலும் இயந்திரம் சக்தி இழக்காமல் இருக்க முடியும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத கார் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும். ஆனால், அதற்காக அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும்.

ஏன் இரண்டு?

பெரிய டர்போ ஒன்று வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். சிறியவை இரண்டு இருந்தால் விரைவில் சுழலத் தொடங்கும். 1981இல் அறிமுகமான மசராட்டி பிடர்போதான் விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்ட முதல் இரட்டை டர்போ கார். 1989இல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆரின் 2.6 லிட்டர் இயந்திரத்தில் 6 சிலிண்டர்கள். மூன்று சிலிண்டர்களுக்கு ஒரு டர்போ. 1993இல் வந்த சுப்ராவில் முதலில் ஒரு டர்போவும், இயந்திரச் சுழற்சி கூடியதும் இரண்டாவதும் வேலை செய்யும்.

உயிர்நாடி எண்ணெய்

டர்போ தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பட்டறைகளில் 'மினியாக் ஹித்தாம்' என்று சொல்லப்படும் இயந்திர எண்ணெய் கெட்டுப்போனால் முதலில் அடிபடுவது டர்போவே.

மலையேறி வந்த வேகத்தில் காரை நிறுத்தி உடனே இயந்திரத்தை அணைப்பது பெரும் தவறு. எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். டர்போவின் சூடு மட்டும் இறங்காது. உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படிந்து, எண்ணெய் வரும் வழியை அடைக்கும். எண்ணெயால் மட்டுமே குளிர்விக்கப்பட்ட ஆரம்பகால பிடர்போ கார்கள் இதனால் கெட்ட பெயர் எடுத்தன. பிறகுதான் அவற்றில் நீர்க்குளிர்ச்சி முறை வந்தது.

ஆகவே, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, நின்றபின் ஒன்றிரண்டு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு அணைப்பது நல்லது.

காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். காரை எடுத்தவுடன் எக்ஸலேட்டரை அழுத்தி மிதிக்கக் கூடாது. தோட்டத்துக்குள் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரில் எண்ணெய் முழுமையாகச் சூடாவதில்லை. நீரும் பெட்ரோலும் அதில் கலந்து தங்கும். அப்படிப்பட்ட காருக்குக் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே எண்ணெயை மாற்றுவது பாதுகாப்பானது.

தோட்டச் சாலைப் புழுதி காற்று வடிகட்டியை அடைக்கும். வடிகட்டி கிழிந்திருந்தால், உள்ளே போகும் சிறு மணல்கூட டர்போ சக்கரத்தின் இறக்கைகளை அரித்துவிடும்.

வாங்குவதற்கு முன்

நீலப் புகை, வழக்கத்துக்கு மாறான ஊளைச் சத்தம், ஏற்றத்தில் இழுவைக் குறைவு, அடிக்கடி குறையும் எண்ணெய் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இரண்டில் ஒரு டர்போ பழுதானாலும் மற்றது ஓரளவு சமாளித்துவிடும். அதனால் குறுகிய சோதனை ஓட்டத்தில் பழுது தெரியாமல் போகலாம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று, முதல் ஸ்டார்ட்டை நேரில் பார்ப்பது நல்லது. பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பரிசோதனையில் டர்போவைக் கழற்றிப் பார்ப்பதில்லை. நம்பகமான பட்டறையில் சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்வது தனிச் செலவு. ஆனால் அது வீண் செலவு அல்ல.

பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆரின் டர்போக்களில் பெரும்பாலும் பீங்கான் வகைச் சக்கரங்களே இருந்தன. சக்தியைக் கூட்ட காற்றழுத்தத்தை அளவு மீறி உயர்த்தினால் அவை உடைந்து சிதறும். அந்த இயந்திரத்தின் டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். 2007இல் வந்த புதிய ஜிடி-ஆரில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. ஆனால் அதில் டர்போவும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பாகமாக இணைந்திருக்கும்; ஒன்று பழுதானால் செலவு இரண்டுக்கும். அந்தக் காரின் தயாரிப்பும் 2025 ஆகஸ்ட்டில் நின்றுவிட்டது.

இத்தகைய இயந்திரங்களுக்கு ரோன் 95 பெட்ரோல் பொருந்தாது. ரோன் 97 அல்லது அதற்கும் மேற்பட்டதே வேண்டும். அதற்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது. 'ஹாஃப்-கட்' கடையில் இயந்திரம் வாங்கிப் பொருத்துவோர், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

இறக்கத்தில் டர்போ உதவாது. அங்கே குறைந்த கியரும் நல்ல பிரேக்கும்தான் காப்பு.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா போன்ற குடும்பக் கார்களிலும் இன்று ஒரு டர்போ இருக்கிறது. நேரத்துக்கு எண்ணெய் மாற்றம், சுத்தமான வடிகட்டி, அணைக்கும் முன் சற்றுப் பொறுமை ஆகியவை அவற்றுக்கும் பொருந்தும். பழைய இரட்டை டர்போ காரின் விலை ஆண்டுகள் செல்லச் செல்ல இறங்கலாம்; அதன் உதிரிபாகங்களின் விலை அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் எடுத்துவைக்க முடியாதவர்கள், கைச்சேமிப்பு முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடாமல் இருப்பது நல்லது.