ஏற்றிய லொறி, இறங்கும் பாதை

உட்காருங்கள் தம்பி, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பேசலாம். வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் பல பிள்ளைகளுக்கு இப்போது ஹெவி லைசன் எடுக்கும் எண்ணம் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். கொழுந்து லொறியோ, கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறியோ, துறைமுகத்துக் கொண்டெய்னரோ, எதுவானாலும் கையில் ஒரு தொழில். ஆனால் எந்த லேனர்ஸில், அதாவது எந்தச் சாரதிப் பயிற்சிப் பாடசாலையில், சேர்வது என்று வரும்போது, "எங்கே சீக்கிரமாக ட்ரயல் பாஸ் பண்ணித் தருவார்கள்?" என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்ததே 2024 செப்டெம்பரில்தான். அந்தச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, சீட்டுப் போட்டு அம்மா சேர்த்த காசை அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறீர்கள். அந்தக் காசுக்குக் கேட்க வேண்டியது வேறு கேள்வி. பாரம் ஏற்றிய லொறியை இறக்கத்தில் ஓட்டப் பழக்குவார்களா?

அதற்கு முன், எந்த வகுப்பு லைசன் வேண்டும் என்று முடிவு பண்ணுங்கள். மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை உள்ள லொறிக்கு சி1. அதற்கு மேற்பட்டதற்கு சி. பின்னால் ட்ரெய்லர் பூட்டிய பெரிய வண்டிக்கு சிஈ. மொத்த நிறை என்பது வண்டியும் பாரமும் சேர்த்து. பத்துச் சில்லு டிப்பர் ஓட்ட ஆசைப்படுகிறவர் சி1 எடுத்துவிட்டு நின்றால் அந்த வேலைக்கு அது செல்லாது. ஆகவே நீங்கள் கேட்கும் வகுப்புக்குரிய லொறி பாடசாலையிடம் இருக்கிறதா, ட்ரயலுக்கும் அதையே கொண்டுவருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மற்ற நடைமுறைகள் எல்லோருக்கும் பொதுவானவை. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சை, பிறகு எல் போர்ட் என்கிற பயிலுநர் அனுமதிப்பத்திரம், கடைசியில் ட்ரயல். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதம் கழித்துத்தான் ட்ரயலுக்குப் போக முடியும். அந்த மூன்று மாதத்தைக் காத்திருக்கும் காலமாக நினைக்காதீர்கள். பழக வேண்டிய காலம் அதுதான்.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து நம்முடைய வட்டவளை, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கல போய்ச் சேர்வதற்குள் லொறி ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் இறங்கிவிடும். பத்துத் தொன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி எவ்வளவு தெரியுமா? 300 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பெரும்பகுதி பிரேக் ட்ரம்முக்குள் போகிறது. ட்ரம் சூடேறி விரிகிறது, லைனிங் பிடிமானத்தை இழக்கிறது, கருகல் மணம் வருகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி முன்போல் நிற்காது. பிரேக் "பெயில்" ஆகிவிட்டது என்று பிறகு சொல்லும் பல விபத்துகளில், உடைந்த உதிரிப்பாகம் எதுவும் இருக்காது. சூடேறிய பிரேக் மட்டும்தான் இருக்கும்.

ஆகவே வேகத்தை எஞ்சினால் பிடிக்க வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், பாதி வழியில் மாற்றப் பார்க்கக் கூடாது. பாரத்தோடு வேகமெடுத்த வண்டியில் கியர் நியூட்ரலில் சிக்கி, கீழ்க் கியர் விழாமல் போனால் எஞ்சின் உதவி முழுவதும் போய்விடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும் அதே ஆபத்துத்தான். எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள வண்டியானால் அதையும் போட்டுக்கொண்டு, கால் பிரேக்கை இடையிடையே மட்டும், உறுதியாக மிதித்து விட வேண்டும். இவ்வளவையும் நான் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். கைக்கும் காலுக்கும் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவும் பாரம் ஏற்றிய வண்டியில். வெற்று லொறியில் மைதானத்தைச் சுற்றுகிறவருக்கு இது ஒருநாளும் வராது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் இறக்கத்தில் வேனொன்றிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். மலைப்பாதையில் பெரிய வண்டி ஒன்று கட்டுப்பாட்டை இழந்தால், அதன் விலையை எதிரே வருகிறவர்கள்தான் முதலில் கொடுக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பழக வேண்டும் என்ற கேள்வி உலகம் முழுவதும் உள்ளது. நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 ஜூலை முதல், ட்ரெய்லர் லொறி லைசனுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். சஸ்கச்சுவான் மாகாணத்தில் பயிற்சி கட்டாயமானது 2019இல். அதற்கு முந்தைய வருடம், 2018 ஏப்ரலில், அங்கே ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸோடு லொறியொன்று மோதி 16 பேர் இறந்திருந்தார்கள். அந்த லொறிச் சாரதி சில வாரங்கள்தான் பழகியிருந்தார்.

நீங்களும் நேரத்தைக் கணக்குப் பார்த்தே பாடசாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ஒரு மணித்தியாலப் பாடம் என்று சொல்லி ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனால் உங்கள் கையில் ஸ்டியரிங் இருப்பது பத்து நிமிடம். "என் கையில் மொத்தம் எத்தனை மணித்தியாலம்?" என்று கேளுங்கள், பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். பக்கத்தில் உட்காரும் போதனாசிரியரிடம் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் பேசும் மொழி உங்களுக்கு நன்றாக விளங்க வேண்டும், இது மரியாதைப் பிரச்சினை அல்ல. வளைவில் அவர் சிங்களத்தில் சொன்ன ஒரு சொல்லை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

மழையிலும் பழக்குவார்களா என்று கேட்க மறக்காதீர்கள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மழை வந்ததும் பாடத்தை நிறுத்தும் லேனர்ஸ், இந்த ஊர்ப் பாதைக்குச் சாரதியை உருவாக்காது.

காசைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை அவர்களுடைய லொறியில் ஏறிப் பாருங்கள். எயார் பிரேக் வண்டியானால் காற்று நிரம்பிய பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை மிதித்தபடி காற்றழுத்த முள்ளைக் கவனியுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கும், பிறகு நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அங்கே சேராதீர்கள்.