யேசபேல் என்னும் பெயர்

எபிரேய வேதத்தில் யேசபேலைப் போலப் பழி சுமந்த பெண் வேறொருத்தி இல்லை எனலாம். சீதோனிய மன்னன் ஏத்பாகாலின் மகள், கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலை ஆண்ட ஆகாபின் மனைவி. தீர்க்கதரிசிகளைக் கொல்வித்தாள், நாபோத்தின் திராட்சத் தோட்டத்துக்காகப் பொய்ச்சாட்சி நிறுத்தி அவன் உயிரைப் போக்கினாள் என்பன அவள்மீதுள்ள குற்றங்கள். அவை ஒருபுறம் இருக்க, அவள் பெயரிலேயே ஒரு வழக்கு மறைந்து கிடக்கிறது.

பண்டை எபிரேயம் பெரும்பாலும் மெய்யெழுத்துக்களாலேயே எழுதப்பட்டது. டில்லியிலோ ஹைதராபாதிலோ உருதுப் பெயர்ப்பலகைகளைக் கண்டு பழகிய நேயர்களுக்கு இம்முறை புதிதன்று. குற்றுயிர்களைப் படிப்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். வேத நூலில் உயிர்க்குறிகளை யூத அறிஞர்கள் அமைத்தது ஏறத்தாழ கி.பி. 7 முதல் 10 வரையுள்ள நூற்றாண்டுகளில். அவர்கள் குறித்த ஒலி 'ஈஸெபெல்'. இதன் பிற்பாதியான 'ஸெபெல்' பிற்கால எபிரேயத்தில் சாணத்தையும் எருவையும் குறிக்கும். அரபியில் 'ஸிப்ல்' என்பதும் அதுவே. யேசபேலின் பிணம் வயல்வெளியில் எருவாய்க் கிடக்கும் என்று இராஜாக்களின் நூல் உரைக்கிறது. அங்கே எருவுக்கு வேறு சொல் ஆளப்பட்டிருப்பினும், ஏளனம் கேட்பவர் செவிக்குத் தப்பாது.

எந்தத் தந்தை தன் மகளுக்கு இத்தகைய பெயரை இடுவான்?

விடை சிரியாவின் கடற்கரையில் கிடைத்தது. 1928-இல் ஓர் உழவனின் கலப்பை பழங்கல்லறை ஒன்றில் முட்டியது. மறு ஆண்டு தொடங்கிய அகழாய்வில் உகாரித் என்னும் தொன்னகரம் வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த களிமண் ஏடுகளில் பாகாலின் கதை உண்டு. மழை தரும் பாகால் மாண்டு பாதாளம் புக, உழுசால்கள் வறண்டு போகின்றன. அப்போது எழும் கேள்வி, கோமகன் எங்கே என்பது. 'கோமகன்' என்பதற்கு அந்த ஏடுகள் ஆளும் சொல்லின் மெய்களும் ஸ, ப, ல என்பனவே. ஆகவே அரசியின் பெயர் முதலில் 'ஈஸெபூல்', அதாவது 'கோமகன் எங்கே?' என்றிருந்தது என அறிஞர் பலர் கொள்கின்றனர். முன்னுள்ள 'ஈ' இன்மையைக் குறிப்பது என்பாரும் உளர். 'மகிமையற்றவன்' எனப் பொருள்படும் இக்கபோத் என்ற பெயரை அவர்கள் சான்று காட்டுவர். எனக்கு முன்னதே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் இவ்வகைத் திரிப்பு இந்நூலில் வேறிடத்தும் உண்டு. சவுலின் மகன் எஸ்பால், சாமுவேலின் நூலில் 'வெட்கத்தின் மனிதன்' என்று பொருள்படும் இஸ்போசேத் ஆகிவிடுகிறான்.

கர்மேல் மலையில் எலியா பாகாலின் பூசாரிகளை நகைத்த இடத்தை இனிப் படித்துப் பாருங்கள். நாடெங்கும் வறட்சி. உங்கள் தேவன் பயணம் போயிருக்கலாம், உறங்கியிருக்கலாம் என்கிறான் அவன். யேசபேலின் பெயர் கேட்ட அதே கேள்விக்கு அவன் அளித்த கேலி விடை அது.